பொருந்தாத எண்

.303 ரைபிளின் அடிக்கட்டையில், தோளில் முட்டுக்கொடுக்கும் பித்தளைத் தகட்டில், ஒரு சின்னக் கதவு இருக்கும். நகத்தால் நெம்பினால் திறக்கும். உள்ளே மரத்தைக் குடைந்து ஒரு பொந்து. ஒரு எண்ணெய்க் குப்பியும், சுருட்டி வைத்த ஒரு கயிறும் அதற்குள் இருக்கும். கயிற்றின் ஒரு முனையில் பித்தளைக் குண்டு. அந்தக் கயிற்றை பட்டாளத்தில் எல்லோரும் ‘புல்துரு’ என்போம். குண்டைத் தோட்டா அறைப் பக்கமாகக் குழலுக்குள் விட்டால் வாய் வழியாக வெளியே விழும். பிடித்து ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் முதுகில் ஒன்று வைப்பார்.

கயிற்றில் மூன்று கண்ணிகள் உண்டு. குண்டுக்கு அருகில் இருப்பது கம்பி வலை மாட்ட. அடுத்தது ‘சிந்தி’ எனப்படும் துணி மாட்ட. மூன்றாவது, துணி குழலுக்குள் சிக்கிக்கொண்டால் திருப்பி இழுக்க. பட்டாளத்துக்கு வந்த புதிதில் மூன்றாவது கண்ணி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. துணியைத் தடிமனாக மடித்து ஒருமுறை சிக்கவைத்தவனுக்கு மட்டும் ஆயுசுக்கும் மறக்காது.

பழைய தோட்டாவைச் சுட்ட ரைபிளுக்கு முதலில் எண்ணெய் போடக் கூடாது. தோட்டாவின் கேப் விட்டுப்போகும் உப்பு எண்ணெயில் கரையாது. மேலே எண்ணெய் பளபளக்கும், அடியில் துரு அரித்துக்கொண்டிருக்கும். அதனால் புனல் வைத்துக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும். அப்புறம்தான் சிந்தி, அப்புறம்தான் எண்ணெய். இத்தனைக்கும் ஆதாரமான அந்த எண்ணெய்க் குப்பி விரல் நீளம்தான் இருக்கும். அதைத் தொலைத்துவிட்டுக் ‘கோத்’ எனப்படும் ஆயுதக் கிடங்கில் ரைபிளை ஒப்படைக்கப் போனவன் பட்ட பாட்டை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரைபிளில் ஒரு கீறல் விழுந்தால்கூட மன்னிப்பு உண்டு, குப்பிக்குக் கிடையாது.

நான் ஆர்மரர். இராணுவத்தின் ஈ.எம்.இ. பிரிவில் ஆயுதம் பழுது பார்ப்பதுதான் தொழில். சொந்த ஊர் செந்துறை. நான் பட்டாளத்துக்குப் போன 1970களில் அரியலூர் மாவட்டமும் இல்லை, பெரம்பலூர் மாவட்டமும் இல்லை. நாங்கள் திருச்சி மாவட்டம், உடையார்பாளையம் தாலுகா. ஆளெடுப்புக்குத் திருச்சிக்குத்தான் போக வேண்டும். அப்பா வண்டி வேலை செய்பவர். அச்சு, குடம், ஆரக்கால், கடையாணி என்று வளர்ந்தவன் நான். உளி பிடித்த கை என்பதைப் பார்த்துத்தான் என்னை இந்தத் தொழிலில் போட்டார்களோ, இல்லை வரிசையில் நின்ற இடத்தைப் பொறுத்ததோ, தெரியாது. செகந்தராபாத்தில் பயிற்சி முடித்து வந்தபோது இராணுவத்தின் முதல்வரிசைப் படைகளில் .303 இல்லை. 1962 சீனப் போரில் நம் சிப்பாய்கள் கையில் இருந்தது அதுதான். அதற்குப் பிறகு 7.62 எஸ்.எல்.ஆர். வந்துவிட்டது. ஆனால் .303 சாகவில்லை. என்.சி.சி.க்கும் காவல்துறைக்கும் போய் வாழ்ந்தது. உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு முறையாக விடை கொடுத்ததே 2020 குடியரசு தினத்தன்றுதான்.

என்.சி.சி. ரைபிள்கள் எங்கள் பணிமனைக்கு லாரியில் வரும். பெரும்பாலும் வங்காளத்தில் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தவை. வெடிமருந்து ஆலை இருந்த இடத்தில் 1904இல் அங்கே ரைபிள் தொழிற்சாலை தொடங்கினார்கள். பிடிக்கு மேலே இருக்கும் இரும்பில் கிரீடம் போட்டு ஜி.ஆர்.ஐ. என்று ராஜா பெயர் இருந்தால் வெள்ளைக்காரன் காலத்தது. சிங்கமுகத் தூண் இருந்தால் நம் காலத்தது. இரண்டும் ஒரே இயந்திரத்தில், சில வேளை ஒரே கைகளில் பிறந்தவையாகக்கூட இருக்கலாம். குழல் தேய்ந்து சுடுவதற்கு லாயக்கில்லாமல் போனவற்றில் ஓட்டை போட்டு ‘டி.பி.’ என்று முத்திரை குத்திவிடுவார்கள். அது வெறும் டிரில்லுக்கு. அதற்கும் கீழே போனால் ‘கண்டம்’, அதாவது கழித்துக்கட்டியது. கண்டம் ஆன ரைபிள்கள்தான் எங்களுக்குப் பொக்கிஷம். புதுப் பாகம் கேட்டு இண்டென்ட் எழுதினால் எப்போது வரும் என்று பிரம்மனுக்கே தெரியாது. கண்டத்திலிருந்து கழற்றி எடுத்துக் கிரீஸ் தடவிப் பெட்டியில் போட்டு வைப்போம்.

இங்கேதான் தொழில் ஆரம்பிக்கிறது. பெட்டியில் நூறு பாகம் கிடக்கலாம். எல்லாம் ஒரே வரைபடத்தில் செய்தவைதான். ஆனால் எதுவும் எதற்கும் அப்படியே போய் உட்காராது.

போல்ட் ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் முன்னால் திருகி மாட்டும் சின்ன உருளை. தோட்டாவின் பின்புறத்தைத் தாங்குவது அதுதான். அதற்கும் தோட்டா உட்காரும் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடிவிட்டால், வெடிக்கும்போது தோட்டாக் கூடு பின்னால் நகர்ந்து கிழியும். கிழிந்தால் புகையும் பித்தளைத் துணுக்கும் சுடுபவன் முகத்துக்கு வரும். அளக்க இரண்டு கேஜ் உண்டு. 0.064 அங்குல கேஜை அறையில் வைத்தால் போல்ட் மூட வேண்டும். 0.074 கேஜை வைத்தால் மூடக் கூடாது. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. பின்னால் வந்த நம்பர் 4 ரைபிளுக்கு இந்தத் தலைவலி குறைவு. 0, 1, 2, 3 என்று நான்கு அளவில் போல்ட் ஹெட் செய்து எண்ணும் போட்டிருந்தான். எங்களிடம் இருந்த நம்பர் 1 மாடலில் எண் கிடையாது. பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

எனக்குக் கற்றுக்கொடுத்த உஸ்தாத் ஒரு சர்தார்ஜி. கேஜை வைத்துவிட்டுப் போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்து அழுத்த விடமாட்டார். ஒரே ஒரு விரல். அந்த விரலின் கனத்துக்கு மூடினால் மூடியது, இல்லை என்றால் இல்லை. “பலத்தைக் காட்டினால் கேஜும் பொய் சொல்லும்” என்பார். மூடிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. போல்ட்டைப் பூட்டும் இரண்டு காதுகளிலும் நீல மையைத் தொட்டுத் தடவி, மூடித் திறந்து பார்ப்பார். இரண்டு பக்கமும் மை சமமாக அழிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழிந்தால் சுடும்போது மொத்த அடியும் அந்த ஒரு காதிலேயே விழும். அதனால்தான் போல்ட் கைப்பிடியில் ரைபிளின் எண்ணையே அடித்திருக்கிறார்கள். என்.சி.சி. பையன்கள் துடைக்கும்போது நான்கைந்து ரைபிளின் போல்ட்டைக் கழற்றி ஒரே பாயில் போட்டுவிட்டுக் கைக்கு வந்ததை மாட்டிவிடுவார்கள். லாரியிலிருந்து இறங்கும் ரைபிள்களில் எங்கள் முதல் வேலை, ஜோடி தவறிப்போனவற்றைத் தேடிச் சேர்த்துவைப்பது.

முன்கட்டை மாற்றுவது இன்னொரு பெரிய வேலை. சுடும்போது வரும் உதை மரத்தின் பின்முனையில் இரண்டு இடத்தில் போய் மோதும். இரண்டும் இரும்போடு ஒட்டி உட்கார வேண்டும். ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் கொஞ்ச நாளில் மரம் பிளக்கும். அப்பாவிடம் கற்றது இதில் கைகொடுத்தது. வண்டிக் குடத்தில் ஆரக்கால் இறங்குவது போலத்தான், தட்டி இறக்க வேண்டும், ஆனால் தட்டித்தான் இறங்கியது என்பது பிறகு தெரியக் கூடாது.

இதையெல்லாம் நான் மறந்தே போயிருந்தேன். ஓய்வுபெற்று ஊருக்கு வந்து முந்திரித் தோப்பும் கடலைக் கொல்லையுமாக உட்கார்ந்துவிட்டேன். மகன் கம்ப்யூட்டர் வேலைக்கு சுவிட்சர்லாந்து போனான். 2013இல் எங்களையும் கூப்பிட்டுக்கொண்டான். பெர்ன் நகருக்கு வெளியே ஒரு சின்ன ஊர். போய் இறங்கிய முதல் சனிக்கிழமை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுப் பெரியவர், எண்பதைக் கடந்தவர், தோளில் ரைபிளை மாட்டிக்கொண்டு சைக்கிளில் போகிறார். போலீஸ்காரர் ஒருவர் எதிரே வருகிறார். இருவரும் தலையாட்டி வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள். என் வீட்டுக்காரி கதவைச் சாத்திவிட்டாள்.

அந்த நாட்டில் பட்டாளம் என்பது தனி வேலை இல்லை. குடியுரிமையும் உடல் தகுதியும் உள்ள ஆண்கள் பொதுவாகப் பயிற்சி எடுக்க வேண்டும். பெரும்பாலும் ரைபிளை வீட்டிலேயே வைத்திருப்பார்கள். சேவை முடிந்ததும் சொந்தமாக்கிக்கொள்ளவும் முடியும். இராணுவம் கொடுக்கும் தோட்டாவை வீட்டில் வைத்திருப்பதை மட்டும் 2007இல் நிறுத்திவிட்டார்கள். ரைபிள்களை ஆயுதக் கிடங்கில்தான் வைக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் 2011இல் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்தது, தோற்றுப்போனது.

நான் ஆர்மரராக இருந்தவன் என்று மகன் மூலமாகத் தெரிந்ததும் பெரியவர் தானாகவே எங்களைக் கூப்பிட்டார். அந்த ஊர் வீடுகளில் பூமிக்கடியில் போர்க்கால அடைக்கல அறை இருக்கும், கனத்த காங்கிரீட் கதவோடு. அதில்தான் அவருடைய பட்டறை. மேசைமேல் பழைய கம்பளியை விரித்து ரைபிளை வைத்தார். கே31. பெர்ன் ஆயுதத் தொழிற்சாலையில் 1958 வரை செய்தது. இவர் 1950களில் பயிற்சிக்குப் போனபோது கையில் கொடுத்தது, இன்றுவரை அவரிடமே இருக்கிறது.

அதுவரை நான் பார்த்த போல்ட் ரைபிள் எல்லாம் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அமுக்குவது. நான்கு அசைவு. இதில் இரண்டே அசைவு. நேராக இழு, நேராகத் தள்ளு. கை நேராகப் போக, உள்ளே இருக்கும் உறை தானாகச் சுழன்று பூட்டிக்கொள்கிறது. பின்முனையில் ஒரு வளையம். அதை இழுத்துத் திருப்பினால் பாதுகாப்புப் பூட்டு. இழுக்கும்போது எண்ணெயில் ஓடும் அந்த வழுவழுப்பைச் சொல்லில் கொண்டுவர முடியாது. கடிகாரம் செய்கிறவன் துப்பாக்கி செய்திருக்கிறான் என்று மகனிடம் சொன்னேன். அவன் மொழிபெயர்க்கவில்லை. அங்கே இதை எல்லோரும் சொல்லிச் சொல்லிப் புளித்துவிட்டதாம்.

பிறகு பெரியவர் அடிக்கட்டைத் தகட்டின் இரண்டு திருகையும் கழற்றினார். எண்ணெய்க் குப்பி இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். தகட்டுக்கு அடியில் ஒரு சின்ன அட்டை. அதில் பெயர், ஊர், படைப்பிரிவு. இளைஞனாக இருந்தபோது அவரே எழுதிச் செருகியது. பல கே31களில் இப்படி ஓர் அட்டை இருக்குமாம். அமெரிக்காவுக்குப் போன ரைபிள்களில்கூட அட்டையைப் பார்த்து வாங்கியவர்கள் பழைய சொந்தக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார்களாம். நம் ஊரில் ரைபிளுக்கு எண் உண்டு, சிப்பாய்க்கு எண் உண்டு. இரண்டும் சந்திப்பது கோத் ரிஜிஸ்டரில் மட்டும்தான். இரண்டு முறையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த அட்டையைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

பெரியவருக்கு ஒரு குறை. வீடு மாறியபோது மேகசின் தொலைந்துவிட்டது. ஆறு தோட்டா பிடிக்கும், கழற்றி மாட்டும் மேகசின். ரைபிளின் உடம்பு, போல்ட், மேகசின் மூன்றிலும் ஒரே எண் அடித்திருக்கும். தொலைந்ததற்குப் பதிலாக யாரோ கொடுத்த ஒன்றை மாட்டியிருந்தார். அது ஆடியது. ஒற்றைத் தோட்டா வைத்துச் சுடப் பிரச்சினை இல்லை. ஆனால் வருடா வருடம் நாடு முழுக்க நடக்கும் ‘ஃபெல்ட்ஷீசன்’ என்ற சுடும் விழாவில் 300 மீட்டரில் 18 தோட்டா சுட வேண்டும், அதில் சில சுற்று நேரக் கணக்கோடு. நடுவில் மேகசின் கழன்று விழுந்து மானம் போயிருக்கிறது.

லுசெர்ன் நகரில் ஆண்டுதோறும் ஆயுதச் சந்தை கூடும். அடுத்த முறை நாங்கள் போயிருந்தபோது பெரியவர் எங்களையும் அழைத்துப் போனார். பெரிய கூடம், வரிசை வரிசையாக மேசைகள். ரைபிள்களைவிட எனக்குப் பிடித்தது ஓரத்து மேசைகள்தான். தோல் வார், குழல் வாயில் மாட்டும் இரும்பு மூடி, துடைக்கும் சாமான் டப்பா, தகர விளிம்பு வைத்த அட்டைக் கிளிப், பயோனெட் உறை, டப்பா டப்பாவாகத் திருகுகள். விற்கிறவர்களும் பெரும்பாலும் கிழவர்கள். விலை சொல்லிவிட்டு நாளிதழ் படிக்கப் போய்விடுகிறார்கள்.

மேகசின் ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றின் எண்ணையும் படிக்க ஆரம்பித்தார். ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த ரைபிளில் தன் எண் இந்தப் பெட்டியில் இருக்கும் என்ற நம்பிக்கை! கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு நான் எண்ணைப் பார்க்காமல் கொக்கியைப் பார்த்து எடுக்க ஆரம்பித்தேன். கே31இல் மேகசினைப் பிடித்து நிறுத்தும் கொக்கி ரைபிளில் இல்லை, மேகசினின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. அது தேய்ந்திருந்தால் எண் ஒன்றாக இருந்தும் பிரயோசனம் இல்லை. உதடு வளையாதது, அடித்தட்டு நசுங்காதது, ஸ்பிரிங் கையை உதைப்பது, கொக்கியின் முனை கூர் மழுங்காதது என்று இரண்டைப் பொறுக்கி நீட்டினேன். எண்ணைப் பார்த்தார், முகம் சுளித்தார், இருந்தாலும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் ஒன்று உள்ளேயே போகவில்லை. இன்னொன்று போனது, ஆனால் கொக்கி கடைசி மயிரிழையில் விழாமல் நின்றது. நான் எதிர்பார்த்ததும் இதைத்தான். கொஞ்சம் தடிப்பாக இருந்தால் குறைக்கலாம், குறைந்துபோனதைக் கூட்ட முடியாது. நீல மைக்கு எங்கே போவது? மெழுகுவர்த்தி கொளுத்திக் கொக்கியைப் புகையில் காட்டச் சொன்னேன். மாட்டிக் கழற்றிப் பார்த்தால் கரி ஓரிடத்தில் மட்டும் அழிந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும், நைஸ் அரத்தால், இரண்டு இழுப்பு. நான் அரத்தைத் தொடவில்லை. ஆயுதம் அவருடையது, நாடும் அவருடையது. விரலால் காட்டினேன், அவர் அராவினார். திரும்பக் கரி, திரும்ப மாட்டல். அவசரப்பட்டு ஒரேயடியாக அராவப் போனவரின் மணிக்கட்டைப் பிடித்தேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜெர்மன் தெரியாது, மகன் மாடிக்கு டீ குடிக்கப் போய்விட்டான். கடைசியில் ‘டக்’ என்று விழுந்தது. பெரியவர் ரைபிளைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். ஆடவில்லை.

எண் பொருந்தாத அந்த மேகசினோடுதான் அடுத்த விழாவில் சுட்டார். சேகரிப்பவர்கள் கணக்கில் அந்த ரைபிளின் மதிப்புக் குறைவு. எல்லா எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் விலை. அந்த ஆசையில் பழைய எண்ணை அராவிவிட்டுப் புது எண் அடித்து விற்பவர்களும் உண்டு என்றார். எண்ணை எதற்காக அடித்தார்கள் என்பதே இவர்களுக்கு மறந்துவிட்டது என்று தோன்றியது. இந்தப் பாகத்தை இந்த உடம்போடு வைத்து ஒருவன் கேஜ் போட்டு, மை தடவி, அராவிப் பொருத்தினான் என்பதற்கு அடையாளம்தான் எண். பொருத்தம் போன பிறகு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

பெர்னில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். சுவிஸ் சட்டப்படி இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் ஆயுதம் வாங்கவோ வைத்திருக்கவோ தடை. இன்னும் சில நாட்டினருக்கும் அப்படித்தான். அகதியாக வந்த இவர் அங்கே ஒரு பழைய மேகசினைக்கூட விலை கேட்டதில்லை. ஆனால் அங்கே பிறந்து வளர்ந்து சுவிஸ் குடியுரிமை பெற்ற அவருடைய மகன் கட்டாயப் பயிற்சிக்குப் போய் ரைபிளோடு வீட்டுக்கு வருகிறான். “தம்பி அதைக் கட்டிலுக்குக் கீழ வைச்சிருக்கிறான். நான் அந்தப் பக்கமே போறேல்லை” என்றார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இந்தக் கதையைக் கேட்ட சித்தப்பா மகன் தன் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் ஒற்றைக் குழல், பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் பெற்றது. கடலைக் கொல்லையில் பன்றியை விரட்ட சத்தம் போடுவதோடு சரி. குதிரையின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. “அண்ணே, வெள்ளைக்காரனுக்குச் செஞ்ச, எனக்குச் செய்ய மாட்டியா?” என்றான். மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டான். கையில் தொழில் இருப்பது வேறு, சட்டம் வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி ஆயுதத்தைச் செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பவனின் உரிமம் பழுது பார்ப்பவனுக்குச் செல்லாது. ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி நல்ல எண்ணத்தில் ஸ்பிரிங் அடித்துக் கொடுத்தாலும் இரண்டு பேருக்கும் வழக்குத்தான்.

அவன் துப்பாக்கியில் நான் கவனித்தது இன்னொன்று. மருந்து கெட்டிக்கும் கம்பி குழலைவிட நாலு விரற்கடை குட்டை. விசாரித்தால், போன தேர்தலுக்குப் போலீஸில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கியபோது கம்பி மாறிவிட்டதாம். யாருடையதோ இவனிடம், இவனுடையது எங்கோ. கேட்டால் துப்பாக்கி எண் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்துக் கொடுத்தார்களாம்.

உரிமம் உள்ளவர்களுக்குச் சொல்லுகிறேன். ஸ்பிரிங்கோ நிப்பிளோ போனால் பழுது பார்க்கும் உரிமம் உள்ள கடைக்கே கொண்டு போங்கள். பாகத்தைத் தனியாக வாங்கி வந்து வீட்டில் மாட்டாதீர்கள், துப்பாக்கியையே கொடுத்துப் பொருத்தி வாங்குங்கள். அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது, துப்பாக்கி எண்ணோடு கம்பி, வார், உறை என்று கூடக் கொடுப்பது அத்தனையையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். கம்பியின் நீளத்தையும் சேர்த்து.